படத்துக்குள் மாட்டிய நெத்தோலி

மார்த்தாண்டம் மேம்பாலத்தில் பஸ் நகராமல் நின்றபோதுதான் அது எனக்கு உறைத்தது. கடியப்பட்டணத்திலிருக்கும் சித்தியின் கருவாட்டுக் கடைக்கு எங்கள் நிறுவனம் ஓர் இணையதளம் செய்து கொடுத்திருந்தது. அதைக் கைப்பேசியில் திறந்து, தோழிக்கு நகலெடுத்து அனுப்பலாமென்று ‘நெத்தோலி’ என்ற மீன் பெயரின்மேல் விரலை அழுத்தினேன். பிடிபடவில்லை. ‘சாளை’யும் வரவில்லை, ‘அயிலை’யும் வரவில்லை. பக்கம் முழுக்க ஒரே படம்! என் விரலுக்கே அகப்படாத எழுத்து தேடுபொறிக்கு எப்படி அகப்படும்?

அந்தப் படத்தைச் செய்தவர் என் முதல் வேலையின் முதலாளி. ‘சார்’ என்போம். இப்போது நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. இணையதளத் தொழிலுக்கு வருமுன் அவர் பிளெக்ஸ் அடித்துக்கொண்டிருந்தார். கல்யாண வீடென்றால் மாப்பிள்ளையின் கூட்டாளிகள் அத்தனை பேர் முகமும் ஜங்ஷனில் தொங்கும் ஊர் இது. அந்தக் கைப்பழக்கம் அப்படியே இங்கேயும் வந்துவிட்டது. நடுவில் சித்தி கும்பிட்டபடி, பின்னால் கடல், மேலே தங்க நிறத்தில் கடைப்பெயர், ஓரத்தில் எதற்கென்றே தெரியாமல் இரண்டு புறா. மீன் பெயர், ஊர், விலாசம் எல்லாம் படத்துக்குள். சித்தி அதைப் பார்த்துச் சந்தோஷப்பட்டாள் என்பதுதான் கூடுதல் எரிச்சல்.

மறுநாளே சொன்னேன். “சார், இதுல எழுத்தே இல்ல, படமாக்கும். தேடினா எப்பிடிக் கிட்டும்?”

“ஒனக்குக் கண்ணு தெரியல்லியா மக்கா? ரோட்டுக்கு அந்தப் பக்கம் நின்னாலும் வாசிக்கலாம்!” என்று சிரித்தார்.

சித்திக்கு அது சிரிப்பல்ல. அவளும் இன்னும் மூன்று பெண்களும் கோடையில் உலர்த்துவதை மழைக்கு முன் விற்றாக வேண்டும். ஈரக்காற்று பட்டால் பூஞ்சைதான். பிறகு கோழிக்குத்தான் போடலாம். நான் வீட்டில் உட்கார்ந்து ஒவ்வொரு மீனுக்கும் ஒரு பக்கம் எழுதினேன்: எப்படிக் கழுவுவது, எந்தக் குழம்புக்கு எது. சார் அதைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. “இவ்வளவு எவன் வாசிப்பான்?” என்றவர், படத்தின் அடியில், வெள்ளைப் பின்னணியில் வெள்ளை எழுத்தாக, மஸ்கட் கருவாடு, துபாய் கருவாடு என்று ஒட்டிக்கொண்டே போனார். ஆள் கண்ணுக்குத் தெரியாது, தேடுபொறி எந்திரம் ஏமாந்துவிடும் என்று கணக்கு. எந்திரம் ஏமாறவில்லை, கள்ளத்தைக் கண்டுபிடித்துத் தளத்தையே ஒதுக்கிவிட்டது. சில வாரங்களில், கடைப்பெயரை முழுசாக அடித்தால்கூடத் தளம் வரவில்லை.

சித்தி அலுவலகத்துக்கே வந்துவிட்டாள். “சாரே, மஸ்கட்டுல இருந்து நாத்தனார் மவ விளிச்சா. தேடிக் காணல்லியாம். நம்ம கடை எங்க போச்சு?”

சார் நாற்காலியில் சுழன்றார். “ஒங்க கருவாட்டு நாத்தம் நெட்டுக்கே பிடிக்கல்ல போல.” இரண்டு பேர் சிரிக்கவும் செய்தார்கள்.

“அந்த நாத்தத்துலதான் சாரே இவ இஞ்சினியரிங் படிச்சா,” என்று சித்தி என்னைக் காட்டினாள். “ஒங்க படத்துல ஒரு மணமும் இல்ல. அதான் ஒருத்தரும் வரல்ல.”

தளத்தின் முகவரி தன் பெயரில்தான் இருக்கிறது, தர முடியாது என்றார் சார். அன்றே பையை எடுத்துக்கொண்டு சித்தியோடு படியிறங்கினேன். அந்த மழையில் பாதிச் சரக்கு பூத்துப்போயிற்று. அவருக்குத் தொழில் தெரியாததை நான் மன்னித்துவிடுவேன். தேடுகிற ஒருத்திக்கு ஏதோ தெரிய வேண்டியிருக்கிறது, அதனால்தான் தேடுகிறாள் என்பது அந்த மனிதருக்குத் தோன்றவே இல்லையே, அதுதான் எனக்கு ஆறவில்லை.

இந்த வருஷம் புதுத் தளத்துக்கான முகவரியைச் சித்தி பெயரிலேயே வாங்கியாயிற்று. போன வாரம் சித்தி வந்திருந்தபோது அந்த மஸ்கட்காரியை ஸ்பீக்கர் போனில் கூப்பிட்டு, “நீ என்னத்த அடிச்சுத் தேடுன?” என்று கேட்டேன். “நெத்தோலிக் கருவாட்டுல மண்ணு போக என்ன செய்யணும்னு,” என்றாள்.

பக்கத்திலிருந்த சித்தி கொதித்துப்போனாள். “நம்ம நெத்தோலியில ஏதுட்டி மண்ணு? தரையில போட்டாதான மண்ணு! நாங்க கம்பு நாட்டி, வலை கட்டி, அதுக்க மேலயாக்கும் காய வைக்கோம்!”

நாளைக்குக் கடியப்பட்டணம் போகிறேன். முதல் பக்கம் அந்தக் கேள்விக்குத்தான். பதிலைச் சித்தி கோபத்தோடு சொன்னபடியே, ஒரு சொல் மாற்றாமல், எழுத்தாகவே வைக்கப்போகிறேன். மழைக்கு முன் யாராவது வருகிறார்களா பார்ப்போம்.