இரண்டாவது பொத்தான்

பம்பாய் மாட்டுங்காவில் ஒரு ஹாலில், அந்தக் காலத்து ஸ்டுடியோ ஒன்றில் எடுத்த படங்களை வரிசையாக மாட்டியிருந்தார்கள். வியாபாரி, பாடகர், ஆபீஸ் குமாஸ்தா என்று எல்லோரும் கறுப்புக் கோட்டில் கம்பீரமாக நின்றார்கள். என் கண் நேராகக் கோட்டின் இரண்டாவது பொத்தானுக்குத்தான் போனது. எல்லாக் கோட்டிலும் அது அறுந்திருந்தது.

அந்தக் கோட்டை நான் முகர்ந்திருக்கிறேன். நாற்பதுகளில், தாராவித் தோல் ஷெட்டில் வேலை பார்த்த அப்பா என்னையும் ஸ்டுடியோவுக்குக் கூட்டிப்போனார். ஸ்டுடியோக்காரர் ஆணியில் தொங்கிய கோட்டை எடுத்து நீட்டினார். பாச்சா உருண்டையும் ஊரார் வியர்வையும் கலந்து குப்பென்று அடித்தது.

"இதைப் போட்டாத்தான் பெரிய மனுஷனா விழுவீங்க" என்றார்.

"என் மூஞ்சியத்தான எடுக்கிய? கோட்டயா?" என்று கேட்டார் அப்பா. அம்மா துவைத்துக் கொடுத்த வெள்ளைச் சட்டையோடு நிமிர்ந்து உட்கார்ந்தார். ஸ்டுடியோக்காரர் சிரித்துக்கொண்டே எடுத்தார்.

அடுத்த வாரம் ஸ்டுடியோ வாசல் கண்ணாடிப் பெட்டிக்குள், அத்தனை கறுப்புக் கோட்டுப் படங்களுக்கும் நடுவில் அப்பா மட்டும் வெள்ளையாகப் பளிச்சென்று இருந்தார். எங்கள் சந்தே திரண்டு போய்ப் பார்த்தது.

இதோ, இங்கேயும் இருக்கிறார். பக்கத்தில் நின்ற காலேஜ் பெண் உச்சுக்கொட்டினாள்.

"பாவம், இவர்கிட்ட மட்டும் கோட் இல்ல போல."

"இங்க யாருகிட்டயுமே கோட்டு கெடையாது, தாயி. எங்க அப்பா மட்டுந்தான் அத மறைக்கல."