வாசற் சரிவு

வீடு பார்க்க ஆட்கள் வந்த அன்றைக்கு அப்பா இருந்தார், அம்மா இருந்தார், அக்காவும் நானும் குளித்துத் தலை வாரிக்கொண்டு நின்றோம், தரகரும் வந்திருந்தார். சித்தப்பா இல்லை. அவர் இல்லாமல் இருப்பதற்காகத்தான் மற்ற எல்லாவற்றையும் செய்திருந்தோம்.

வட்டக்கச்சியில் வீட்டுத்திட்டத்தில் கட்டிய வீடு அது. நான் புலமைப்பரிசில் பரீட்சையில் நல்ல புள்ளி எடுத்ததில் வவுனியாவில் பெரிய பள்ளிக்கூடம் ஒன்றில் இடம் கிடைத்திருந்தது. அப்பாவும் அம்மாவும் ஐந்தாம் வகுப்பைத் தாண்டாதவர்கள். வீட்டை விற்றுவிட்டு வவுனியாப் பக்கம் ஒரு துண்டுக் காணி வாங்கலாம் என்ற யோசனையே சித்தப்பாவினுடையதுதான். "வித்துப்போட்டுப் போவம் அண்ணை. இவனாவது படிக்கட்டும்" என்றார்.

சித்தப்பா அப்பாவின் தம்பி. கடைசிச் சண்டையில் முதுகில் காயப்பட்டு, இடுப்புக்குக் கீழே அசைவில்லை. சக்கர நாற்காலியில் இருந்தபடி எல்லாம் செய்வார். வீடு கட்டும்போது மேசனோடு மல்லுக்கட்டி, சுவிச்சுகளைத் தன் கைக்கு எட்டும்படி தாழ்வாகப் பதித்து வைக்கச் செய்தார். கக்கூசுச் சுவரில் கையால் பிடித்து உடம்பை உயர்த்த ஒரு இரும்புக் குழாய் பூட்டுவித்தார். வாசலில் இருந்த இரண்டு படிகளையும் மூடி, நாற்காலி ஏறி இறங்க ஒரு சீமெந்துச் சரிவு போட்டார்கள். அவருக்கு எதுவும் பகிடிதான், தன்னைத் தூக்குவதைத் தவிர. ஆசுப்பத்திரியிலும் முகாமிலும் கண்டவன் நின்றவன் எல்லாம் மூட்டை மாதிரித் தூக்கினது போதும் என்பார். "இனி என்னைத் தூக்கிறதெண்டால், செத்தாப் பிறகு தூக்குங்கோ."

சில நாட்களுக்கு முன் தரகர் வந்து கதிரையின் நுனியில் இருந்துகொண்டு சொன்னார்: "வாறவை புதுக்குடியிருப்பில கடை வைச்சிருக்கிற ஆக்கள். மகளுக்குச் சீதனமாக் குடுக்கத்தான் வீடு பாக்கினம். கலியாண விசயம். வாசல்ல கால் வைக்கேக்கையே..." சித்தப்பாவின் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டு மிச்சத்தை விழுங்கினார். "விளங்குதுதானே?"

முதலில் விளங்கியது சித்தப்பாவுக்குத்தான். "ஓம் ஓம். நான் சந்தியில சைக்கிள் கடையில போய் நிக்கிறன். வீட்டுக்கு ராசி வேணுமெண்டால் ரண்டு நாளைக்கு வெளிநாடு போறதில என்ன?"

எல்லோரும் சிரித்தோம். தரகர்தான் அதிகம் சிரித்தார். பிறகு வாசலைக் காட்டி, "அப்ப இது?" என்றார்.

"மோட்டச்சைக்கிள் ஏத்த எண்டு சொல்லுவம்" என்றார் அம்மா.

"பக்கத்தில பிடிக்கக் கம்பியும் கிடக்கு. பாக்கிறவன் என்ன விசரனோ?" என்றார் தரகர்.

சித்தப்பாதான் முடித்துவைத்தார். "உடையுங்கோ அண்ணை. விட்டுட்டுப் போற வீடுதானே. வவுனியாவில புதுசாப் போட்டால் போச்சு."

அவர்கள் வருவதற்கு முதல் நாள் காலையில், அந்தச் சரிவால் கடைசித் தடவையாக உருண்டு இறங்கி, எங்களுக்கு டாட்டா காட்டிவிட்டுச் சித்தப்பா சந்திக்குப் போனார். அவர் தலை மறையும் வரை பார்த்துக்கொண்டு நின்ற அப்பா அலவாங்கை எடுத்தார். மாரி மழை விடவில்லை. நனைந்து நனைந்து உடைத்தார். கட்டிகளை அக்காவும் நானும் கிணற்றுக்குப் பின்னால் காவிக்கொண்டுபோய்ப் போட்டோம். அலுப்பே தெரியவில்லை எனக்கு. ஒவ்வொரு கட்டியும் வவுனியாவுக்குக் கிட்டவாகப் போகிறது போல இருந்தது. உள்ளே அம்மா, சுவர் நெடுக நாற்காலிச் சில்லுத் தேய்த்த கறுப்புக் கோட்டின் மேல் சுண்ணாம்பு அடித்தார். சித்தப்பாவின் கட்டிலை நிமிர்த்திச் சுவரோடு சாத்தினார். அவருடைய உடுப்புகளையும் மருந்துப் பெட்டியையும் உரப்பையில் கட்டிப் பக்கத்து வீட்டில் கொண்டுபோய் வைத்தார். மருந்து மணம் போக வீடு முழுக்கச் சாம்பிராணி காட்டினார். வெளிவந்த பழைய படிகளில் அப்பா பூசிய சீமெந்து மட்டும் காயாமல் கருமையாகவே கிடந்தது.

மறுநாள் வான் வந்து நின்றது. கடைக்காரரும் மனைவியும் இறங்கினார்கள். பிறகு சாரதி பின்கதவைத் திறந்து எதையோ இழுத்து விரித்தார். அது ஒரு சக்கர நாற்காலி.

"என்ர அக்கா. பாரிசவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்துபோச்சு, நடக்க ஏலாது. கலியாணத்துக்குப் பிறகு மகளோடதான் இருப்பா. அவவுக்குப் பிடிச்சால்தான் வீடு" என்றார் கடைக்காரர்.

தரகர் அப்பாவைப் பார்த்தார். அப்பா படிகளைப் பார்த்தார். பிறகு அப்பாவும் சாரதியுமாக அந்த அம்மாவை நாற்காலியோடு தூக்கி ஏற்றினார்கள். தூக்கும்போது அந்த அம்மா கண்களை இறுக்கி மூடிக்கொண்டார்.

உள்ளே வந்ததும் நேராகச் சுவிச்சடிக்குப் போனார். விசிறியைப் போட்டார், நிறுத்தினார், திரும்பவும் போட்டார். "எனக்கு எட்டுது தம்பி" என்று சின்னப் பிள்ளை போலச் சொன்னார்.

"பிள்ளையள் இருக்கிற வீடெல்லோ, அதுதான் பதிச்சுக் கட்டினது" என்றார் தரகர்.

கக்கூசுக்குள் போய் அந்த இரும்புக் குழாயைக் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டு இருந்தார். திரும்பி வந்து அப்பாவிடம் கேட்டார். "இந்த வீட்டில ஆர் என்னைப் போல இருக்கிறது?"

"ஒருத்தரும் இல்லை அக்கா" என்றார் அப்பா.

அப்பாவுக்கு இவ்வளவு கெட்டித்தனமாகக் கதைக்க வரும் என்று நான் அதுவரை நினைத்திருக்கவில்லை. என் அக்கா மட்டும் அடுப்படிக்குள் போய்விட்டாள். இன்றைக்கும் யாராவது, வீட்டில் எத்தனை பேர் என்று கேட்டால் எனக்கு முகம் சூடாகிறது. யாரையும் விட்டுவிடவில்லையே என்று மனதுக்குள் எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் பதில் சொல்கிறேன்.

அவர்கள் தேத்தண்ணி குடிக்காமலே புறப்பட்டார்கள். வான் சந்தியில் நின்றதாம். அதைச் சைக்கிள் கடைக்காரர் பின்னேரம் சிரித்துச் சிரித்துச் சொன்னார். "அந்த அக்கா உங்கட சித்தப்பனைக் கண்டவுடன வானை நிப்பாட்டி, கண்ணாடியை இறக்கி, 'தம்பி, அந்தச் சுவிச்சுப் பதிச்ச வீடு உங்கடையோ?' எண்டு கேட்டா. இவன் என்ன சொன்னவன் தெரியுமே? 'இல்லை அக்கா, நான் பூவரசங்குளத்து ஆள். சில்லுக்குக் காத்தடிக்க வந்தனான்' எண்டான்!" நானும் விழுந்து விழுந்து சிரித்தேன்.

இரவாகுமுன் தரகர் போன் எடுத்தார். வேண்டாமாம். ஒரு ஆளையே ஒளித்து வைக்கிறவர்கள் காணி உறுதிப் பத்திரத்தில் எதை ஒளித்து வைத்திருப்பார்களோ என்று அந்த அக்கா கேட்டாராம். அந்தக் கதை ஊரில் பரவிய பிறகு, தரகர் வேறு யாரையும் கூட்டிவரவில்லை. வவுனியாப் பள்ளிக்கூடத்துக்கு வேறொரு பிள்ளை போயிருக்கும். நான் கிளிநொச்சிக்குப் பஸ்ஸில் போய்ப் படித்தேன். கம்பசுப் படிப்புக்கு வர அது போதுமாகத்தான் இருந்தது.

அன்றிரவு சித்தப்பா வாசலுக்கு வந்தபோது அப்பா நாற்காலியைத் தூக்கக் குனிந்தார். "விடுங்கோ அண்ணை. உள்ளுக்க ஒரே வெக்கை. நான் கொட்டிலுக்க படுக்கிறன்" என்றார் சித்தப்பா. மோட்டார்சைக்கிள் விடும் தகரக் கொட்டில் அது. அப்பா கட்டிலை வெளியே கொண்டுவந்து போட்டார். மார்கழி மழை தகரத்தில் கொட்டிக்கொண்டிருந்தது, அம்மா எனக்கு இரண்டு போர்வை போர்த்தியிருந்தார். அப்படியிருந்தும் நான் சித்தப்பா சொன்னதை நம்பினேன். எனக்கும் வெக்கையாக இருக்கிறது, நானும் கொட்டிலில் படுக்கப்போகிறேன் என்று அழுது அடம்பிடித்தேன். அப்பா என்னை அடித்தது அந்த ஒருநாள்தான். எதற்கு அடித்தார் என்று எனக்கு விளங்கவில்லை.

மழை விட்டுத் தை பிறந்த பிறகுதான் மேசன் வந்தார். பழையபடி படிகளை மூடிச் சரிவு போட்டு, பக்கத்தில் கம்பியும் பூட்டினார். செலவு முழுவதையும் சித்தப்பா தனக்கு மாதாமாதம் வரும் உதவிப் பணத்தில் சேர்த்து வைத்திருந்ததில் கொடுத்தார். அப்பா எவ்வளவு நீட்டியும் சித்தப்பா வாங்கவில்லை. சீமெந்து, மணல், கம்பி, கூலி எல்லாமாகப் பதினோராயிரத்து நானூறு ரூபா.