கலைவாணி கேட்ட பேச்சு

அன்று காலை தறியருகே இருந்தவர்கள் மூன்று பேர்: நான், என் மருமகள் பத்மா, பழைய பாவு இழையோடு புதுசைப் புணைக்க வந்த எல்லம்மா. போனில் கலைவாணியின் மாணவி பேசினாள். "மேடம் போயிட்டாங்கம்மா." எனக்கு அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது.

கலைவாணியைத் தெரிந்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். நான் படித்தது ஐந்தாவது வரை. தப்பிருந்தால் திருத்திக்கொள்ளுங்கள்.

எங்களுக்கு வீட்டில் தெலுங்கு, வாசலைத் தாண்டினால் தமிழ். ஒரே பேச்சில் இரண்டும் எப்படிக் கலக்கிறது என்று ஆராய, சின்ன வயசில் டேப் ரிக்கார்டரோடு வந்தாள். என்ன பேச வேண்டும் என்று கேட்டேன்.

"எனக்காக ஒண்ணும் பேசாதீங்கக்கா. நீங்க பாட்டுக்கு சண்ட போட்டுக்கினு இருங்க" என்றாள்.

பதினோரு வருஷம் வந்தாள். நானும் என் மாமியாரும் போட்ட சண்டையெல்லாம் அவளிடம் இருந்தது. "தமிழ்ல ஆரம்பிக்கிறீங்க, கோவம் ஏறினா தெலுங்குக்குப் போயிடறீங்க. அந்த இடம்தாங்க்கா எனக்கு வேணும்" என்பாள்.

"இதுக்கெல்லாமா பட்டம் குடுக்கறாங்கோ?" என்று மாமியார் கேட்டார்.

"அதான் இன்னும் குடுக்கலயே ஆயா!"

ஒருநாள் வந்தவள் டேப் பெட்டியைத் திறக்கவே இல்லை. அவளுடைய பதிவுகளை வாங்கிய அவள் துறைத்தலைவர் டாக்டர் குப்புராஜ், தன் பெயரில் புத்தகம் போட்டுவிட்டார். முன்னுரையில் 'உதவியாளர்' என்று அவளுக்கு ஒரு வரி.

"போய்க் கேளேம்மா" என்றேன்.

"கேட்டா இருக்கிற தற்காலிக வேலையும் போயிடும்க்கா."

கடைசிவரை தற்காலிகமாகவே இருந்தாள்.

அவள் வேலை பார்த்த கல்லூரியில் இரங்கல் கூட்டம் வைத்தார்கள். எல்லம்மாவோடு ஏனாத்தூர் பஸ்ஸில் போனேன். ஓய்வு பெற்றுவிட்ட அந்தத் துறைத்தலைவர் மேடையேறி, "என் ஆய்வுக்குத் துணைநின்றவர்" என்றார். அவள் பதிவு செய்த என் குரலையே போட்டுக் காட்டினார். எழுந்து நின்றேன். தமிழில் கேட்கத்தான் நினைத்தேன். வாயில் வந்தது தெலுங்கு.

"நீக்கு சிக்கு லேதா?"

உனக்கு வெட்கமில்லையா என்று அர்த்தம். அவர் என்னைப் பார்த்துக் கைகூப்பினார். "சிக்கை நீக்கு என்கிறார் அம்மா. நூல் சிக்கு! நெசவாளர் பேச்சின் அழகே இதுதான்" என்று மைக்கில் விளக்கினார். கைதட்டினார்கள். எல்லம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. எங்கள் வீட்டுக் குழந்தைக்குத் தெரிந்த வார்த்தை அது. தெரியாதவர் பேராசிரியர். தெரிந்தவள் உதவியாளர்.

கோபத்தில் எந்த வார்த்தையில் பாஷை மாறுகிறேன் என்று இப்போது எனக்கே கேட்கிறது. அவள் காது எனக்கு வந்திருக்கிறது, அது போதும். எல்லாம் தெரிந்தும் வாய் திறக்காமல் அங்கே உட்கார்ந்திருந்தவர்களை ஒருநாள் மன்னித்தாலும் மன்னிப்பேன். டாக்டர் குப்புராஜை மாட்டேன்.