கோழிக்கு வலிக்காது

தையல் போடக் கற்றுக்கொடுப்பவனுக்கு எங்கள் ஊரில் கத்தரி கொடுப்பார்கள், நூல் கொடுப்பார்கள், பெயர் மட்டும் கொடுக்க மாட்டார்கள். வேலை ஒருவன் செய்ய, பெயர் இன்னொருவன் வாங்கும் இடங்களில் காலம் தள்ளும் தோழர்களே, உங்களுக்கு இது புதிதில்லை. அம்பத்தூர் பக்கம் ஒரு மருத்துவமனையில் முப்பது வருடமாகக் காயங்களுக்குக் கட்டுப் போடுகிறேன். அங்கே சங்கம் வைத்தவன், துண்டறிக்கை எழுதியவன், வாசலில் கூட்டம் போட்டவன். குடும்ப மருத்துவ மேற்படிப்புக்கு வரும் டாக்டர்களுக்குத் தையல், மாவுக்கட்டு, கட்டி கீறுவது எல்லாம் என்னிடம்தான் பயிற்சி.

கோழிக்கால்

பழக மனிதத் தோலா கிடைக்கும்? பூந்தமல்லியில் பாய் கடையில் கோழிக்கால் வாங்குவேன். "தோலை உரிக்காதீங்க பாய், டாக்டருங்க தைக்கணும்" என்றேன். கத்தியை நிறுத்திவிட்டுப் பார்த்தார்.

"இன்னா அண்ணாத்தே, நான் வெட்டறதெல்லாம் அவுங்க தெச்சிட்டா, நான் இன்னாத்த விக்கறது?"

கட்டம்

ஒவ்வொரு டாக்டருக்கும் ஒரு பயிற்சிப் பதிவேடு உண்டு. அதில் 'கற்றுக்கொடுத்தவர்' என்று ஒரு கட்டம். அறையை விட்டு வெளியே வராத தலைமை மருத்துவர் அதில் கையெழுத்துப் போடுவார். அங்கே என் பெயர் வர வேண்டும் என்று ஆறு மனு கொடுத்தேன். ஒரு துண்டறிக்கையும் அடித்தேன். தலைமை மருத்துவர் அதை முழுக்கப் படித்தார்.

"நல்லா எழுதியிருக்கீங்க. ஆனா அந்தக் கட்டம் டாக்டருங்களுக்கு மட்டும்தான்."

முதல் தையல்

போன மாதம், லேத் ஓட்டும் ஒருவர் கட்டைவிரலைக் கிழித்துக்கொண்டு வந்தார். என்னிடம் நாற்பது கோழிக்கால் தைத்துத் தேறிய டாக்டரம்மாவிடம் விட்டேன். நான் பஞ்சு எடுக்கத் திரும்பிய நேரத்தில் காயத்தைக் கழுவி, முதல் தையலை அழகாக இறக்கிவிட்டார். மனிதர் கட்டிலை விட்டு எகிறினார். மரத்துப்போகும் ஊசியை மறந்துவிட்டார் அந்தப் பெண். தப்பு என்னுடையது. கோழிக்கு அந்த ஊசியை நான் ஒருநாளும் போடச் சொன்னதில்லை.

"தையல் நல்லாத்தான் கீது மேடம். நான் உசுரோட கீறேன், அத்த கவனிச்சீங்களா?"

அறிக்கை

விசாரணை வந்தது. பயிற்சியை விட்டே அனுப்பிவிடுவார்களோ என்று டாக்டரம்மா அழுதார். நேராகத் தலைமை மருத்துவரிடம் போய், "அந்தப் பொண்ணு மேல தப்பில்லை சார், நான் சொல்லிக்கொடுக்கலை" என்றேன். அவர் அறிக்கைத் தாளை இழுத்தார். அதிலும் 'கற்றுக்கொடுத்தவர்' என்று ஒரு கட்டம். பேனாவைத் திறந்தார்.

"உங்க பேரை இனிஷியலோட சொல்லுங்க, தப்பில்லாம எழுதணும்."

ஆக, தோழர்களே, இப்போது கோழிக்கும் மரத்துப்போகும் ஊசி போட்ட பிறகே தைக்கிறோம், முப்பது வருடப் போராட்டத்தில் நிர்வாகம் என் கோரிக்கை ஒன்றை முழுதாக ஏற்றுக்கொண்டும் விட்டது.