பூச்சி மெஷினும் என் மீசையும்

எண்பத்தாறில் சேலத்தில் என்னைவிட அதிகமாக வீடியோ கேம் ஆடியவன் இருந்தால் அவனுக்கு வேலைவெட்டி இல்லை என்று அர்த்தம். எனக்கு லேத் பட்டறையில் வேலை இருந்தது, இருந்தும் ஆடினேன். ஆகவே அந்த வருஷத்தில் எது உசத்தியான ஆட்டம் என்று சொல்லும் தகுதி எனக்குத்தான் உண்டு. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னைக் கைவிட்டது. அதற்கு இதில் கருத்துச் சொல்ல உரிமை இல்லை.

பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு மளிகைக் கடை. கடைக்காரர் மிளகாய் மூட்டை அடுக்கியிருந்த பின்கட்டைக் காலி செய்து நாலு மெஷின் வாங்கி நிறுத்தினார். மூட்டை போனதே தவிர நெடி போகவில்லை. உள்ளே ஆடுகிறவன் தும்மிக்கொண்டேதான் ஆட வேண்டும். தோற்றவர்களில் பாதிப் பேர் தும்மலில் தோற்றவர்கள். மீதிப் பேர் திறமையால் தோற்றார்கள்.

மெஷின் மேல் இங்கிலீஷில் ஏதோ பேர் எழுதியிருந்தது. யாரும் படிக்கவில்லை. செங்கல், கார், குத்து, பூச்சி என்று நாங்களே பேர் வைத்துக்கொண்டோம்.

செங்கல்லுக்குக் கடைசி இடம். அடுக்கிய சுவரைப் பந்தால் இடிக்க வேண்டும். இடித்து முடித்தால் அதே இடத்தில் அதே மாதிரி இன்னொரு சுவர் வரும். காசு கொடுத்துக் கொத்தனாருக்குக் கையாள் வேலை பார்க்கிறவனை என்னவென்று சொல்வது? அம்மாபேட்டைத் தறிக்காரர் ஒருவர் தினமும் வந்து அதைத்தான் ஆடுவார். பந்து போகும் பக்கமெல்லாம் உடம்பையும் வளைப்பார். நான் அவருக்குக் கும்மி என்று பேர் வைத்தேன். மற்றவர்களும் அப்படியே கூப்பிட்டார்கள். அவர் மட்டும் சிரிக்கவில்லை.

கார் அதற்கு ஒரு படி மேல், அவ்வளவுதான். அந்த ரோட்டை வரைந்தவன் ஓமலூர் ரோட்டில் ஒரு நாள்கூடப் போயிருக்க மாட்டான். ஆடு இல்லை, கட்டை வண்டி இல்லை, நடு ரோட்டில் சோளம் காயப்போட்டவர்கள் இல்லை. எதிரே வருகிறவனெல்லாம் அவனவன் பக்கத்திலேயே வருகிறான். ஒரு நாள் நிஜ லாரி டிரைவர் ஒருவர் உட்கார்ந்தார். ஸ்டியரிங்கைச் சுற்றித் தடவித் தடவிப் பார்த்தார்.

"ஏனுங்க, ஆரன் எங்கீங்க?"

"ஆரன் இல்லீங்க," என்றார் கடைக்காரர்.

"ஆரன் இல்லாத வண்டிய எவன் ஓட்டுவான்," என்று எழுந்து போய்விட்டார். அந்த வருஷம் நான் மதித்த ஒரே ஆள் அவர்தான்.

குத்துக்கு இரண்டாம் இடம். இரண்டு பேர் எதிரெதிரே நின்று குத்திக்கொள்ளும் ஆட்டம். இதில் இடது பக்கத்து ஆளுக்குக் கை நீளாது, பட்டன் செத்துப்போயிருந்தது. விவரம் தெரியாத வெளியூர்க்காரனை இடது பக்கம் நிற்க வைத்து அடிப்பதுதான் அதன் ருசி. வாழப்பாடியிலிருந்து வந்த பஸ் கண்டக்டர் ஒருவரை ஒரே வாரத்தில் ஏழு தடவை அடித்தேன். "நல்லா ஓங்கிக் குத்துங்கண்ணா, கை சவச்சவன்னு இருக்குது," என்று உற்சாகமும் கொடுத்தேன். பட்டன் விஷயம் அவருக்குத் தெரிந்த நாளிலிருந்து என்னோடு பேச்சில்லை.

முதலிடம் பூச்சிக்கு. ஆட்டம் உயர்ந்தது என்று நினைத்துவிட வேண்டாம். மேலிருந்து வரிசை வரிசையாகப் பூச்சி இறங்கும், கீழிருந்து சுட வேண்டும். தோட்டத்தில் மருந்தடிப்பதற்கும் இதற்கும் ஒரே வித்தியாசம், இங்கே முடிவில் மாங்காய் கிடைக்காது. ஆனால் பூச்சிக்கு ஒரு சிலேட்டு இருந்தது. மெஷினை நிறுத்தினால் அதில் இருக்கும் எண் அழிந்துவிடும் என்பதால், யார் அதிகம் எடுத்தாலும் கடைக்காரர் அதைச் சிலேட்டில் எழுதி மெஷின் மேல் மாட்டுவார். பேருக்குப் பதில் படம் போடுவார். எனக்கு மீசை. காலேஜில் படித்த ஒருவனுக்கு மூக்குக் கண்ணாடி.

காலேஜ்காரனும் நானும் சங்ககிரிப் பக்கத்து ஊர்க்காரர்கள், ஒரு வகையில் உறவு. அவன் அப்பாவுக்கு மூன்று லாரி. அவன் மீசை, பேனா மூடியில் ஒட்டிய மசி மாதிரி இருக்கும். ஆடி மாதத்தில் பந்தயம் கட்டினோம். ஆயுத பூஜையன்று கடையில் பூசணிக்காய் உடைக்கும்போது சிலேட்டில் என் எண் இருந்தால் நான் ஜெயித்தவன், இல்லாவிட்டால் அவன். நிபந்தனை போட்டவனும் நான்தான். தோற்றவன் மீசையை எடுத்துவிட வேண்டும்.

எங்கள் பக்கம் அப்பா செத்தால்தான் மகன் மீசையை எடுப்பான். என் அப்பா அப்போது ஊரில் நல்ல உடம்போடு மாடு மேய்த்துக்கொண்டிருந்தார். அது தெரிந்துதான் கட்டினேன், தோற்கமாட்டேன் என்பதும் தெரியும் என்பதால்.

புரட்டாசி தொடக்கத்தில் ஒரு நாள் காலேஜ்காரன் என்னைத் தாண்டிவிட்டான். கடைக்காரர் டீ குடிக்கப் போயிருந்தார். அவர் வருவதற்குள் கரண்ட் போய்விட்டது.

"பாத்தவங்களக் கேளு மாப்ளே. பத்துப் பேரு பாத்தாங்க," என்றான்.

"பாத்தவன் சொல்றதெல்லாம் கணக்காடா? சிலேட்டுல இருந்தாத்தான் கணக்கு," என்றேன்.

தறிக்காரரும் கண்டக்டரும் அவன் எடுத்தது நிஜம் என்றார்கள். "கும்மி அடிக்கறவிங்க சாட்சியெல்லாம் செல்லாதுங்க," என்று சொல்லிக் கடைக்காரரையும் தலையாட்ட வைத்தேன். மறு வாரமே அவன் எட்ட முடியாத ஒரு எண்ணை எடுத்தேன். சிலேட்டில் மீசை ஏறியது. அப்புறம் இறங்கவில்லை.

ஆயுத பூஜை வந்தது. காலையிலேயே பட்டறையில் லேத்தைக் கழுவிப் பொட்டு வைத்துவிட்டு, ஜெயித்ததைப் பார்க்கக் கடைக்குப் போனேன். கடைக்காரர் காய்ந்த துணியால் மெஷின்களைத் தட்டிக்கொண்டிருந்தார். எனக்குச் சகிக்கவில்லை.

"என்னுங்கண்ணா, பவுடர் பூசறீங்களா? பொண்ணு பாக்க வாராங்களா?"

"தூசி போனாப் போதாதுங்களா?"

"எங்க பட்டறைக்கு வந்து பாருங்க, மெஷின எப்படித் தொடைக்கறதுன்னு. இப்படிக் குடுங்க."

துணியைப் பிடுங்கி வாளியில் முக்கிப் பிழிந்தேன். கண்ணாடி, கைப்பிடி, பட்டன் என்று மேலிருந்து கீழ்வரை ஒரு பொட்டு அழுக்கில்லாமல் துடைத்தேன். பூச்சி மெஷினைத்தான் இரண்டு தடவை துடைத்தேன், என் மெஷின் அல்லவா. எல்லாவற்றுக்கும் பட்டை போட்டுச் சந்தனம் வைத்தேன். சிலேட்டுக்கும் வைத்தேன். கரிய சிலேட்டில் சந்தனம் எடுப்பாகத் தெரிந்தது. பட்டறையில் அளவு எழுதும் சிலேட்டை வருஷா வருஷம் அப்படிக் கழுவிப் பொட்டு வைத்து வைத்து, கை தன் போக்கில் செய்துவிட்டது.

சாயங்காலம் கற்பூரம் காட்டினார்கள். பூசணிக்காயை உடைக்கக் கையை ஓங்கும்போது காலேஜ்காரன் மெஷினைப் பார்த்தான். ரொம்ப நேரம் பார்த்தான்.

"மாப்ளே, சிலேட்டுல உன்ற மீசையக் காணோம்."

நான் ஓடிப்போய்ப் பார்த்தேன். பொட்டுதான் இருந்தது. இன்னொரு தடவை ஆடி எடுத்துவிடலாம் என்றால், பூஜை போட்ட மெஷினை மறுநாள் காலைவரை தொடக்கூடாது. அதைக் கடைக்காரருக்கு அன்று மத்தியானம் சொல்லிக்கொடுத்தவனும் நான்தான்.

"இத்தன நாளு இருந்துதே, எல்லாரும் பாத்தீங்களே," என்றேன்.

கண்டக்டர் பொரியை வாயில் போட்டுக்கொண்டார். "நானு வாழப்பாடி வண்டிங்க. எனக்கென்ன தெரியும்?"

கடைக்காரர் பூசணிக்காய்க்குள் போட்ட சில்லறையைப் பற்றி யோசிப்பதுபோல் நின்றார். தறிக்காரர் மட்டும் நேராக என்னைப் பார்த்துச் சொன்னார்: "கும்மி சாட்சி செல்லாதுங்க தம்பி."

அந்த வருஷம் அந்தக் கடையில் சொன்ன ஒரே நல்ல நக்கல் அதுதான். என்னுடையது இல்லை என்பதுதான் வருத்தம்.

மறுநாள் காலேஜ்காரனே சவரக் கடைக்குக் கூட்டிப்போனான். பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து பேப்பர் படித்தான். கத்தியை வைத்த சவரக்காரர் நிறுத்திவிட்டுக் கேட்டார்: "ஊட்டுல பெரியவரு எப்பத் தவறுனாங்க சாமி?"

"தவறலீங்க. எடுங்க," என்றேன்.

விஜயதசமி லீவுக்கு ஊருக்குப் போனேன். துண்டால் வாயை மூடிக்கொண்டு போயும் பயனில்லை. களத்தில் மாட்டுக்குச் சோளத்தட்டு அறுத்துக்கொண்டிருந்த அப்பா அரிவாளை நிறுத்தினார்.

"துண்டை எடு சாமி."

எடுத்தேன்.

"நானு இன்னும் இருக்கறன்," என்றார்.

"வெளையாட்டுலீங்கப்பா. பூச்சி சுடறது. தோத்தவன் மீசை எடுக்கோணும்னு பந்தயமுங்க."

அப்பா என் மேலுதட்டைப் பார்த்தார்.

"யாரு செயிச்சா?"

"நாந்தானுங்க," என்றேன்.