இருபத்து மூன்று குழிகள்

கட்டுமானம் வரப்போகும் மலைகளில் அரிய செடிகள் உண்டா என்று தேடி அறிக்கை எழுதுவது எங்கள் வேலை. இருபது வருடம் அதைச் செய்தே சுல்லே அக்காவுக்கு முழங்கால் இரண்டும் தேய்ந்திருந்தன.

தென்கொரியாவின் காங்வொன் மாகாணத்தில் ஒரு மலைச்சரிவில் கோல்ஃப் மைதானம் வர இருந்தது. வேறொரு நிறுவனம் ஜனவரியில், பனிக்கு மேல் நடந்து, 'அரிய செடி ஏதுமில்லை' என்று எழுதிவிட்டது. யாரோ புகார் செய்ததால் மே மாதம் எங்களை அனுப்பினார்கள்.

மூன்றாம் நாள், தவழ்ந்து போய்க்கொண்டிருந்த அக்கா அப்படியே நின்றுவிட்டார். சுருக்குப்பை போல உப்பிய இளஞ்சிவப்பு ஆர்க்கிட். சட்டம் காக்கும் இனம். எண்ணினோம்: இருபத்து மூன்று. திங்கட்கிழமை வரும் அதிகாரிகள் மிதித்துவிடக் கூடாதென்று ஒவ்வொன்றின் பக்கத்திலும் மஞ்சள் கொடி நட்டார்.

ஊர்த்தலைவர் தக் பார்த்துக்கொண்டிருந்தார். "இதுக்கா மூணு நாளா மண்ணுல உருண்டீங்க? எங்க ஊர்ல இதுக்கு நாய்க்கொட்டைன்னு பேரு."

"பேரு எதுவா இருந்தா என்ன தலைவரே, இனிமே இங்க கோல்ஃப் வராது."

"அப்ப எங்க நிலத்தை நீங்க வாங்கிக்குவீங்களா?"

அக்கா சிரித்து மழுப்பினார்.

திங்கட்கிழமை கொடிகள் எல்லாம் நின்றன. பக்கத்தில் குழிகள்தான் இருந்தன. காட்டுப்பன்றி என்றார் தக்.

"பன்றி கொடியைச் சாய்க்காம தோண்டுமா?" என்று அக்கா கேட்டார். அதிகாரி கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

அவர்கள் போனபின் தக் மறைக்கவில்லை. "ஊரே சேர்ந்துதான் தோண்டினோம். கொடி இல்லேன்னா எங்க கண்ணுல பட்டிருக்காதும்மா."

அலுவலகத்தில் எங்கள் இயக்குநர் நம்குங் பொறுமையாகத்தான் பேசினார். "படம் இருக்கு, இடம் பதிவாகியிருக்கு, எல்லாம் சரி. இன்னிக்குச் செடி இல்லையே. 'தற்போது காணப்படவில்லை'ன்னு எழுதினா பொய்யா?"

"பொய்தான். தோண்டிட்டாங்கன்னு எழுதுங்க, கையெழுத்துப் போடறேன்."

அவர் எழுதவில்லை. அக்காவும் போடவில்லை. தாள் என் மேசைக்கு வந்தது. எனக்கு வேலை வேண்டியிருந்தது, போட்டேன்.

அதன்பின் எந்த நிறுவனமும் அக்காவை அழைக்கவில்லை. இப்போது சுன்சொன் நகரில் ஒரு பள்ளிச் சமையலறையில் முள்ளங்கி நறுக்குகிறார். மைதானம் திறந்த வருடம் பார்க்கப் போனேன். சோறு போட்டார். "தோண்டினவங்க மேல எனக்குக் கோபம் இல்ல. இடத்தைக் காட்டிக் கொடுத்தது நான்தானே," என்றார்.

கையெழுத்தைப் பற்றிக் கேட்பார் என்று காத்திருந்தேன். கேட்கவில்லை. பஸ்ஸுக்கு நேரமாச்சு என்று சொல்லி அனுப்பிவிட்டார்.