வர்க்கி டின்னும் வெயிட்டிங் லிஸ்ட்டும்

வர்க்கி விற்கிறவர்களுக்கு மூடுபனிதான் முதலாளி. காலையில் கடித்தால் சத்தம் தெருமுனை வரை கேட்கிற வர்க்கி, மத்தியானம் பனி இறங்கினால் நனைந்த அட்டை மாதிரி வளையும். நாம் மைதா மாவை மடித்து மடித்துச் சுடலாம், அடுக்கலாம், மூடி போடலாம். மொறுமொறுப்பாக இருப்பதா, நமுத்துப் போவதா என்பதை மேலே இருக்கிறவர்கள் முடிவு செய்வார்கள்.

எங்கள் கடை ஊட்டி மார்க்கெட் பக்கம். கணவர் பாரூக் பின்கட்டில் அடுப்பைப் பார்க்கிறார், நான் முன்னால் கல்லாவில் உட்காருகிறேன். எனக்கு இன்னொரு முழுநேர வேலையும் இருந்தது. காத்திருப்பது. தாவரவியலில் எம்.எஸ்சி. முடித்தேன், கல்யாணம் ஆனது, சமீரா பிறந்தாள். அவளை மடியில் போட்டுக்கொண்டே படித்து ஆராய்ச்சிக்கான தகுதித் தேர்வு ஒன்றிலும் தேறினேன். ஆனால் அந்தத் தேர்ச்சிக்கும் வர்க்கிப் பாக்கெட் மாதிரி ஒரு கடைசித் தேதி உண்டு. இந்த வருஷத்துக்குள் எங்கேயாவது பிஎச்.டி.க்கு இடம் கிடைத்தால் உதவித்தொகையோடு ஆராய்ச்சி. இல்லாவிட்டால் தேர்ச்சி காலாவதி.

மலைக்குக் கீழே மூன்று பல்கலைக்கழகங்களுக்கு விண்ணப்பித்தேன். இரண்டு பேர் ‘வருந்துகிறோம்’ என்று அனுப்பிவிட்டார்கள். மூன்றாவதுதான் பாக்கி இருந்தது. கிடைக்காமல் போய்விடுமோ என்று ஒரு பயம். கிடைத்துவிட்டால் இரண்டரை வயசுப் பிள்ளையை என்ன செய்வது என்று அதைவிடப் பெரிய பயம். இந்த இரண்டு பயத்தையும் ஒரே நெஞ்சுக்குள் வைத்துக்கொண்டு நடமாடுகிறவர்கள் எல்லோரும் எனக்குச் சொந்தம். மகள் தூங்கின பிறகு உட்கார்ந்து இதை உங்களுக்காகத்தான் எழுதுகிறேன்.

மே மாதத்து நண்பர்கள்

ஊட்டியில் இருக்கிறவர்களுக்கு உலகம் முழுக்க நண்பர்கள் இருக்கிறார்கள் என்பது மே மாதம்தான் தெரியவரும். கான்வென்ட்டில் ஒன்றாகப் படித்து, பிறகு ஒரு வார்த்தை பேசாதவள் கூப்பிடுவாள். “நஸ்ரின்! செல்லம்! எப்படிடீ இருக்கே?” என்று ஆரம்பிப்பாள். அடுத்த மூச்சில் கேட்பாள்: “மலை ஏற இ-பாஸ் எடுத்தாச்சுடீ, ரூம்தான் கிடைக்கலை.”

என் கதை இன்னும் மோசம். யாரோ ஒரு புண்ணியவான் எங்கள் கடையை வீடியோ எடுத்து யூடியூபில் போட, பின்னால் போர்டில் இருந்த என் நம்பரும் ஊர் உலகத்துக்கெல்லாம் தெரிந்துவிட்டது. அன்று முதல் முன்பின் தெரியாதவர்களும் ரூம் கேட்கிறார்கள். போகப் போக ஒரு வழி கண்டுபிடித்தேன். புது நம்பரா? எதிராளி வாயைத் திறப்பதற்குள், “ரூம் இல்லைங்க, சீசன் முடிஞ்சு வாங்க” என்று சொல்லிப் போனை வைத்துவிடுவேன். ஒரே ஒருத்தர் மட்டும் என் வேகத்தை மிஞ்சிவிட்டார்.

“மேடம், வெச்சிராதீங்க! ரூம் வேண்டாம், ஒரு ஹால் போதும். நாங்க பதினெட்டுப் பேரு, ஒருத்தரும் குறட்டை விட மாட்டோம்.”

பாசிக்குச் சம்பளம்

நான் ஆராய்ச்சி செய்ய நினைப்பது பாசியை. சோலைக் காட்டு மரங்களிலும் எங்கள் ஊர்ச் சுவர்களிலும் பச்சை வெல்வெட் மாதிரி படர்ந்திருக்குமே, அதைத்தான். கல்லாவுக்குப் பக்கத்தில் அதைப் பற்றிய தடிப் புத்தகம் ஒன்று எப்போதும் திறந்திருக்கும். வாடிக்கையாளர்கள் அது கணக்குப் புத்தகம் என்று நினைத்து மரியாதையாகத் தள்ளி நிற்பார்கள்.

வாராவாரம் அரைக் கிலோ வாங்கும் பெள்ளி சார் ஓய்வுபெற்ற வாத்தியார். வாத்தியார் ஆச்சே, விடுவாரா? புத்தகத்தைத் திருப்பிப் பார்த்துவிட்டு விளக்கச் சொன்னார். காற்றில் ஈரம் எவ்வளவு, புகை எவ்வளவு, மலை எவ்வளவு சூடாகிறது, எல்லாவற்றையும் எந்தப் பாசி எங்கே முளைக்கிறது என்பதை வைத்தே சொல்லலாம் என்று மூச்சு விடாமல் எடுத்துவிட்டேன். அவருக்குப் பின்னால் நின்ற வரிசையும் கேட்டது. நேர்காணலுக்குத் தயாராகிவிட்டோம் என்று எனக்கே ஒரு நிமிர்வு வந்தது. பெள்ளி சார் வர்க்கிப் பையை வாங்கிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார்.

“எல்லாம் சரிம்மா. பாசியப் பாக்கறதுக்கு உனக்குப் பணம் குடுப்பாங்கங்கறே. எங்க ஊட்டுச் சுவத்துல அதைச் சொரண்டறதுக்கு வருசா வருசம் நானல்லவா பணம் குடுத்துட்டு இருக்கேன்!”

அமைதியான பொண்ணு

விண்ணப்பத்தோடு பரிந்துரைக் கடிதமும் வேண்டுமாம். கல்லூரியில் எனக்குத் தாவரவியல் நடத்திய சிஸ்டர் இப்போது குன்னூரில் கன்னியர் மடத்தில் ஓய்வில் இருக்கிறார். சமீராவைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினேன். இணையத்தில் ஏற்றும் வேலை எல்லாம் சிஸ்டருக்கு ஆகாது. அழகான கையெழுத்தில் தாளில் எழுதி, மடத்தில் இருக்கும் ஒரு இளம் சிஸ்டரைக் கூப்பிட்டு அனுப்பச் சொன்னார்.

அனுப்புவதற்கு முன்னால் எனக்கும் படித்துக் காட்டினார். நேரம் தவறாதவள், சுத்தமானவள், பணிவானவள், வகுப்பில் சத்தம் போடாதவள். பாசியைப் பற்றியும் கடைசியில் ஒரு வரி இருந்தது. நான் “தேங்க்யூ சிஸ்டர்” என்றேன். என்ன சொன்னாய் என்று கேட்டார். மறுபடி சொன்னேன். மறுபடியும் கேட்டார். அதற்குள் சமீரா ஜெரேனியம் தொட்டி ஒன்றைக் கவிழ்த்திருந்தாள். சிஸ்டர் அவளையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

“அமைதியான பொண்ணுன்னு நானே எழுதிட்டேன் நஸ்ரின். நேர்காணல்ல போய் உட்கார்ந்து நீயும் அதை நிரூபிச்சுடாதே.”

முன்னூறு ரூபாய்

நேர்காணல் ஆன்லைனில். அதுவும் மலர்க் கண்காட்சி வாரத்தில்! வந்த கூட்டம் முழுக்க ரோஜாப்பூவோடு படம் எடுத்து ஏற்றிக்கொண்டிருந்தது. செல்போன் சிக்னல் படுத்தேவிட்டது. கடையின் பிராட்பேண்ட் ஒன்றுதான் கதி. பின்கட்டில் மைதா மூட்டைகளுக்கு நடுவே, டின்களை மறைத்துப் பூப்போட்ட போர்வை ஒன்றைத் தொங்கவிட்டு உட்கார்ந்தேன். முன்னால் கல்லாவில் பாரூக். சமீரா, எங்களிடம் பாக்கெட் போடும் ஜெயந்தி அக்காவின் இடுப்பில். பணம் வந்தால் சத்தமாக அறிவிக்கும் சவுண்ட் பாக்ஸை அணைத்துவிடச் சொல்லியிருந்தேன். அன்றைக்குக் கூட்டத்தில் பாரூக்குக்கு அது எங்கே ஞாபகம் இருக்கும்!

முதல் கேள்விகளுக்கெல்லாம் சிஸ்டரின் கடிதத்தை வரிக்கு வரி நிரூபித்தேன். குழுவில் இருந்த அம்மையார், “கொஞ்சம் சத்தமா பேசுங்க” என்று இரண்டு தடவை சொல்லிவிட்டு, “சின்னக் குழந்தை இருக்கே, காட்டுக்கெல்லாம் எப்படிப் போவீங்க?” என்றார். நான் திரும்பிப் போர்வையைப் பார்த்தேன். அந்த நேரம் பார்த்துத்தான் பாக்ஸ் முழங்கியது, ‘முன்னூறு ரூபாய் பெறப்பட்டது’. கூடவே சமீரா, “வந்துருச்சூ!” என்று கத்தினாள்.

பயத்துக்கும் ஒரு எல்லை உண்டு போலிருக்கிறது. அதைத் தாண்டினதும் எனக்குக் குரல் வந்துவிட்டது. “கத்தினது என் மகதாங்க மேடம். அவளை முதுகுல கட்டிக்கிட்டுத்தான் ரெண்டு வருஷமா பாசி சேகரிக்கறேன். எங்க ஊட்டுச் சுவத்துலயே ஏழு வகை இருக்குதுங்க” என்று ஆரம்பித்து, நிறுத்தச் சொல்லும்வரை பேசினேன். முடிவில், அதுவரை வாயே திறக்காத வயதான பேராசிரியர் ஒருவர் மைக்கைப் பக்கத்தில் இழுத்தார்.

“கடைசிக் கேள்விம்மா. முன்னூறு ரூபாய்க்கு என்ன வாங்கினாங்க?”

டின்னைத் திறக்காதே

முடிவுகள் இணையதளத்தில் வெளியாகும் என்று போட்டிருந்தார்கள். எப்போது என்று போடவில்லை. அவ்வளவுதான், போன் என் கையை விட்டு இறங்கவில்லை. ஒரு கிலோ நிறுத்துக் கொடுத்தால் ஒரு தடவை பார்ப்பேன். சில்லறை கொடுத்தால் ஒரு தடவை. சிக்னல் இல்லாத நேரத்தில் திரையில் அந்த வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும், நானும் அதையே பார்த்துக்கொண்டு நிற்பேன். நீங்களும் நின்றிருப்பீர்கள். வர்க்கி கேட்டவருக்கு சாக்லேட்டையும், சாக்லேட் கேட்டவருக்குத் தைலத்தையும் எடுத்துக் கொடுத்தேன். தைலம் வாங்கினவர் அதற்கே காசு கொடுத்துவிட்டுப் போனதுதான் ஆச்சரியம்.

பாரூக் கோபிக்கிற ஆள் இல்லை. என் கையிலிருந்து போனை வாங்கி, காலி டின் ஒன்றில் போட்டு மூடினார்.

“மொறுமொறுன்னு இருக்குதான்னு அஞ்சு நிமிசத்துக்கு ஒருக்கா டின்னைத் தொறந்து பாத்தா, உள்ள இருக்கறது நமுத்துத்தான் போகும். மூடி வெய்யி புள்ள.”

ஒன்றாம் நம்பர்

மூடிதான் வைத்தேன். ஆனாலும் ஒருநாள் திறந்தபோது முடிவு வந்திருந்தது. இருப்பது ஒரே இடம், அது வேறு யாருக்கோ. வெயிட்டிங் லிஸ்ட்டில் முதல் பெயர் என்னுடையது. இதற்குச் சிரிப்பதா அழுவதா என்று யாராவது சொன்னால் தேவலை என்று நின்றேன். கண் கலங்கியிருக்க வேண்டும். கம்பளிக் குல்லாய் போட்ட சென்னை அம்மா ஒருவர், “ஏம்மா ஒரு மாதிரி இருக்கே?” என்று கேட்டார். சொல்லிவிட்டேன்.

“ஒண்ணாம் நம்பரா! அப்போ கிடைச்ச மாதிரிதான்!” என்று அவர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். கூட வந்த அவருடைய பிள்ளைகள் கைதட்டின. எனக்கே கொஞ்சம் நம்பிக்கை வந்து, ஒரு கை வர்க்கி கூடவே அள்ளிப் போட்டேன். அவருடைய கணவர் மட்டும் தூணில் சாய்ந்து, வெளிறிய முகத்தோடு நின்றுகொண்டிருந்தார்.

“நாங்களும் மலை ரயிலுக்கு வெயிட்டிங் லிஸ்ட் ஒண்ணுதாம்மா. வழி பூரா வாந்தி எடுத்துக்கிட்டு பஸ்ல வந்தோம்.”

அழுதது யார்?

சீசன் வடிந்து மழை பிடித்தது. இப்போது என் பயம் கட்சி மாறிவிட்டது. ஒருவேளை அந்த இடம் எனக்கே வந்துவிட்டால்? பகல் பூராவும் நான் ஆய்வுக்கூடத்தில் இருப்பேன், சமீரா யாரிடமோ இருப்பாள். என்னைத் தேடி அழுது அழுது, கடைசியில் தேடுவதையே விட்டுவிட்டால்? பாக்கெட் போட்டுக்கொண்டே ஜெயந்தி அக்காவிடம் புலம்பினேன். அக்கா குடும்பம் சிலோனிலிருந்து திரும்பி வந்தவர்கள். கல்யாணமான புதிதில் அவர் எஸ்டேட்டில் தேயிலைக் கொழுந்து எடுத்தார். கைக்குழந்தைகளை விட்டுவிட்டுப் போகும் இடத்தைப் பிள்ளைக் காம்பரா என்பார். முதல் நாள் மகனை அங்கே விட்டது எப்படி இருந்தது என்று கேட்டேன். அக்கா பாக்கெட்டின் வாயை மடித்து ஒட்டினார்.

“காலையில விட்டுட்டு வர்றப்ப அழுதது நானு, தங்கச்சி. அந்தியில கூட்டிட்டு வரப் போனா, வர மாட்டேன்னு அழுதது அவன்.”

ரூம் இல்லைங்க

அன்றைக்கு மழைக்கு ஒதுங்கின கூட்டம் கடை நிறைய நின்றது. போன் அடித்தது. புது நம்பர். “ரூம் இல்லைங்க, சீசன் முடிஞ்சு வாங்க” என்று வைத்தேன். சீசன் முடிந்துதான் இருந்தது, வாய்ப் பழக்கம். மறுபடி அடித்தது. “இல்லைங்க” என்று வைத்தேன். மூன்றாவது தடவை எனக்குக் கோபமே வந்துவிட்டது. “ஏனுங்க, ஒருக்கா சொன்னாப் புரியாதுங்களா? டென்ட்டுகூட இல்லைங்க!” என்றேன்.

கொஞ்ச நேரத்தில் பின்கட்டில் பாரூக்கின் போன் அடித்தது. அவர் கையெல்லாம் மாவு, அதனால் ஜெயந்தி அக்கா எடுத்தார். கேட்டுக்கொண்டே முன்னால் வந்தார். “தங்கச்சி, கீழ யுனிவர்சிட்டியிலிருந்து பேசுறாங்க. மொதல் ஆளு வேற எங்கயோ சேந்துட்டாங்களாம். ஒனக்கு மூணு தரம் போன் போட்டா நீ வையிறியாம்!”

விண்ணப்பத்தில் இரண்டாவது நம்பராகக் கொடுத்தது பாரூக்கினுடையது. போனை வாங்கி, சீசன், வீடியோ, பதினெட்டுப் பேர் என்று என்னென்னவோ உளறி மன்னிப்புக் கேட்டேன். பிள்ளை இருக்கிறாள், யோசிக்க நேரம் வேண்டும் என்றும் சொன்னேன். பாரூக் மாவுக் கையோடு வந்து எதிரில் நின்றார். “கோயமுத்தூர்ல எங்க அக்கா ஊட்ல நீயும் பாப்பாவும் இருந்துக்கலாம். போன மாசமே அக்காகிட்டச் சொல்லி வெச்சாச்சு. வாராவாரம் வெள்ளிக்கிழமை நம்ம சரக்கு வண்டி மேல திரும்பறப்போ ரெண்டு பேரும் ஏறி வந்துருங்க” என்றார். போன மாசமே! என்னிடம் ஏன் சொல்லவில்லை? டின்னைத் திறந்து பார்க்கக் கூடாது என்ற கட்சி ஆயிற்றே அவர். போனில் அந்தப் பக்கம் அலுவலகக்காரர் பொறுமையாக ஒரு பெருமூச்சு விட்டார்.

“அம்மா, எங்களுக்கு ரூம் வேண்டாம். ரூம் கேட்டா ஆஸ்டல்ல நாங்க தர்றோம். நீங்க வர்றீங்களா, இல்லையா?”

வர்றேன் என்றேன். குன்னூரில் சிஸ்டருக்கே கேட்டிருக்கும், அவ்வளவு சத்தம். பயம் போய்விட்டதா என்று கேட்காதீர்கள். பெட்டியில் சமீராவின் சட்டைகளை அடுக்கிவிட்டு, பாதியை வெளியே எடுத்து, திரும்ப அடுக்குகிறேன்.

காத்திருக்கிற தொழிலில் நான் கற்றுக்கொண்டது இவ்வளவுதான்: டின்னைத் திறந்து திறந்து பார்க்காதீர்கள், ஆனால் போன் அடித்தால் மட்டும், அவர்கள் பதினெட்டுப் பேராகவே இருந்தாலும், சொல்ல வந்ததை முழுசாகக் கேட்டுவிட்டு வையுங்கள்.